பொட்டியக்கா ஓட்டுப் போடுகிறாள்

வரிசையில் நின்றுதான் ஓட்டுப் போடுவேன் என்று வீம்பு பிடித்தது நான்தான், அதனால் வெயிலைத் திட்ட எனக்கு வாயில்லை. பள்ளிக்கூட மைதானத்து மண் செருப்பைத் தாண்டிச் சுடுகிறது. பந்தல் போட்டிருக்கிறார்கள், அதன் நிழல் வரிசையில் பாதிப் பேருக்குத்தான் எட்டுகிறது, எட்டாத பாதியில் நான் நிற்கிறேன். வாசலில் இருந்த போலீஸ்காரர் என்னைப் பார்த்ததும் விறைப்பாகி, "நீங்க நேரா உள்ள போயிரலாமுங்கம்மா, எம்.எல்.ஏ.வுக்கு வரிசை எதுக்குங்க" என்றார். "இருக்கட்டுங்க, எல்லாருமே இங்க பொம்பளைங்கதானே, யாரும் என்னையக் கடிச்சுற மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வாலில் வந்து ஒட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் ராசாமணியக்கா. பனியன் கம்பெனியில் வேஸ்ட் துணி பிரிக்கிறவள், என் வீட்டுக்கு எதிர் சந்து, என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவள், முடியில் இன்னும் பஞ்சு ஒட்டியிருக்கிறது. ஓட்டுச்சாவடி வாசற்படியில் கதிர்வேலு. என்னை எதிர்த்து நிற்கிற அரிசி ஆலைக்காரருக்கு பூத் ஏஜென்ட். ஒரு காலத்தில் அவனும் நானும் ஒரே கட்சி, ஒரே பசை வாளியில் கைவிட்டுப் போஸ்டர் ஒட்டியவர்கள். "ஏனுங்க்கா, வெயில்ல காயறீங்க, முன்னால வந்தா வேண்டாம்னா சொல்லப்போறோம்?" என்று அங்கிருந்தே கேட்கிறான். "வரிசைல நிக்கத் தெரியாதவ தேர்தல்ல எதுக்குடா நிக்கோணும்?" என்றேன். முன்னால் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும், ரொம்பவே பிடித்திருந்தது. நல்லூத்துப்பாளையம் தொகுதியின் சுயேச்சை எம்.எல்.ஏ. மயிலாத்தாள் தன் வீதிப் பெண்களோடு வியர்த்துக்கொண்டு நிற்கிறாள், பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ராசாமணியக்கா மண்ணைப் போட்டாள். மெதுவாகத் திரும்பி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அதுதான் ரகசியம் பேசுவதாம், "கவலையே படாத மயிலு, காலைல இருந்து நம்ம சந்து பூராவும் பொட்டிக்குத்தான்" என்றாள். எனக்கு வெயிலிலும் முதுகு ஜில்லென்றது. பெட்டி. இஸ்திரிப் பெட்டி. போன தேர்தலில் என் சின்னம். இந்தத் தேர்தலில் இன்னொருத்தன் சின்னம். இந்தத் தடவை எனக்கு ஜன்னல். ஜன்னலக்கா, ஜன்னல், ஜன்னல் என்று உள்ளே ஒரு குரல் கத்துகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. திறக்கக் கூடாது. அங்கே பள்ளிக்கூட கேட்டுக்கும் வெளியே, டீக்கடைக்குப் பக்கத்தில் ரோட்டுக்குக் குறுக்காகச் சுண்ணாம்பில் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் யாரும் யாருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது, சின்னத்தைச் சொல்லக் கூடாது, காட்டக் கூடாது. வேட்பாளரே வாயைத் திறந்தால் கதிர்வேலுவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அவன் அதற்குத்தான் படியில் வந்து நிற்கிறான், காற்று வாங்க இல்லை. எனக்கு அவனைத் தெரியும். என் உதடு எப்போது 'ஜ' என்று பிரியும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் ராசாமணியக்காவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் நான் சந்தோஷத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். சந்து பூராவும் என்றாளே. சந்தில் எத்தனை வீடு? வேண்டாம், வீட்டை எண்ண ஆரம்பித்தால் நான் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

யாரைக் குறை சொல்வது? பெட்டியை அவர்கள் மனசில் தேய்த்து ஒட்டியதே நான்தான். இருபது வருஷம் கட்சிக்கு உழைத்தவளுக்கு இல்லாத சீட்டை, கட்சி ஆபீஸ் வாசல்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத அரிசி ஆலைக்காரருக்குக் கொடுத்தார்கள். நான் கொடியை மடித்து பீரோவில் வைத்துவிட்டு சுயேச்சையாக மனுப் போட்டேன். என் வீட்டுக்காரர் நடராசுவுக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. அவர் தையல் மெஷின் ரிப்பேர்காரர், கையில் எண்ணெய்யும் வாயில் மௌனமும்தான் அவருக்குப் பழக்கம். கொடுத்த சின்னங்களில் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்ததும் இதுதான் என்று பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், பெட்டியைத் தெரியாத ஆளே கிடையாது. அதற்கு ஒரு கைச்சாடையும் பிடித்தேன். முன்னால் ஒரு சட்டை இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு கையை மூடி, அப்படியும் இப்படியும் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். நான் ஜீப்பில் நின்று ஒரு இழுப்பு இழுத்தால் வீதி மொத்தமும் திருப்பி இழுக்கும், குழந்தைகள் இழுத்தன, பஸ் டிரைவர்கள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இழுத்தார்கள். ஜெயித்தபோது நூலளவுதான் வித்தியாசம், ஆனால் ஜெயிப்பு ஜெயிப்புதான், இரண்டு பெரிய கட்சியையும் ஒரு இஸ்திரிப் பெட்டி தேய்த்துவிட்டது என்று பேப்பரில் எல்லாம் எழுதினார்கள். அன்றையிலிருந்து மயிலாத்தாள் என்ற பேரே போயிற்று. பொட்டியக்கா. கலெக்டர் ஆபீஸில்கூட முதுகுக்குப் பின்னால் பொட்டியக்கா வந்திருக்குது என்றுதான் சொல்வார்கள். காதில் விழும், விழாத மாதிரி நடப்பேன், நடையில் கொஞ்சம் மிதப்பு கூடும். என் அம்மா வைத்த பேரைவிட அது எனக்கு நெருக்கமாகிப் போயிற்று. இது நானே சம்பாதித்த பேர்.

சுயேச்சைக்குச் சின்னம் சொந்தமில்லை என்று சட்டம் சொல்கிறது. சிட்டிங் எம்.எல்.ஏ. கேட்டால் பழைய சின்னமே கிடைத்துவிடும் என்று வக்கீல் தைரியம் சொன்னார். அதற்குள் ஒரு கட்சி, அதன் பேரை இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு வராது, மாநிலம் முழுக்க பெட்டி எங்களுக்கு என்று முறையாக எழுதி வாங்கிவிட்டது. எல்லாம் சட்டப்படி. அவர்களைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்தது எந்த அரிசி ஆலைப் பணம் என்று ஊருக்கே தெரியும், காட்டுவதற்குத்தான் கையில் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டி வேட்பாளரை நான் ஒரு தடவைதான் பார்த்தேன், மனுத்தாக்கல் அன்றைக்கு. அப்பாவியாக ஒரு வணக்கம் வைத்தார். ஒரு நாள்கூட ஓட்டுக் கேட்டு வரவில்லை. வரவேண்டிய அவசியம் என்ன, அவருக்குத்தான் நான் ஐந்து வருஷமாக ஓட்டுக் கேட்டு வைத்திருக்கிறேனே. எனக்கு ஜன்னல் என்றதும் வீட்டுக்காரர், "காத்து வரும், நல்லதுதான்" என்றார். அந்த மனுஷன் அபூர்வமாக வாயைத் திறந்தாலும் இப்படித்தான். ஜன்னலுக்கு ஒரு கைச்சாடை வேண்டுமே. கும்பிடுகிற மாதிரி கையைச் சேர்த்து, அப்படியே இரண்டு கதவையும் திறக்கிற மாதிரி விரித்துக் காட்டினேன். ஊர் ஊராகத் திறந்தேன். தோள்பட்டை வலிக்கத் திறந்தேன். "ஜன்னலுங்க, இந்தத் தடவ ஜன்னலுங்க" என்பேன். "தெரியுமுங்க்கா, ஜன்னல், தெரியும் தெரியும்" என்பார்கள். சொல்லிவிட்டு ஆரத்தித் தட்டை நீட்டுவார்கள், தட்டின் நடுவில் கரிப்பெட்டி ஒன்றைத் தேய்த்துப் பளபளவென்று வைத்து, அதற்குப் பொட்டும் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து அழுவதா சிரிப்பதா? பொட்டு வைத்த பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டேன். தொடாமல் வருவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

வரிசை நகர்கிறது. நிழலுக்குள் வந்துவிட்டோம். சுவரில் வேட்பாளர் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள், பேரும் சின்னமும் வரிசையாக, கொட்டை எழுத்தில். அதை யாராவது படிக்கிறார்களா என்று பார்க்கிறேன், ஒருத்தியும் இல்லை, அதன்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். நேராக ஜன்னலின் மேல் ஒருத்தியின் கொண்டை. கொஞ்சம் நகருங்கம்மா என்று சொன்னால் அது ஓட்டுக் கேட்பதா? நான் அந்தப் பட்டியலையே முறைத்துப் பார்த்தால், ராசாமணியக்காவும் என்னத்தைப் பார்க்கிறாள் இவள் என்று திரும்பிப் பார்த்தால், அது? கண்ணால் கேட்டாலும் கேட்டதுதானே. மனசுக்குள் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்க்கிறேன். 'பார்த்துப் போடுங்கக்கா.' பார்த்து என்றால் எதைப் பார்த்து என்று கதிர்வேலு கேட்பான். 'என் போட்டோவைப் பாருங்க.' அய்யோ, அது வெட்டவெளிச்சம். மிஷினில் போட்டோ இருக்கிறது, தபால்தலை அளவுக்கு, அதில் என் மூக்குத்தியே தெரியாது, ராசாமணியக்காவுக்கு என் முகம் எங்கே தெரியப்போகிறது. 'வீட்டுல ஜன்னலைச் சாத்திட்டு வந்தீங்களா?' சீ, என்ன கேவலம், எம்.எல்.ஏ.வாக இருக்கிறவளுக்கு வருகிற புத்தியா இது. கண்ணாடி! ராசாமணியக்காவுக்குக் கண்ணாடி உண்டு. நான் நடத்திய கண் முகாமில்தான் வாங்கினாள், தங்கக் கலரில் பிரேம் கேட்டு அடம்பிடித்து வாங்கினாள். இப்போது முகத்தில் அது இல்லை. 'கண்ணாடி போட்டுக்கங்க' என்று சொன்னால்? அது ஓட்டுக் கேட்பதில்லையே, அது உடம்பைக் கவனிக்கச் சொல்வது. அப்படியா மயிலாத்தாள்? இவள் அரிசி ஆலைக்காரருக்குப் போடப்போகிறவளாக இருந்தால் கண்ணாடி போடச் சொல்லுவாயா? உன்னையே கேட்டுக்கொள். கேட்டேன். சொல்லுவேன். அடித்துச் சொல்கிறேன், சொல்லுவேன், கண் தெரியாமல் படியில் தடுக்கி விழுந்தால் யாருக்குப் போட்டால் என்ன. ஆனாலும் கதிர்வேலுவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படி நிறுத்துப் பார்த்தே ஐந்து வருஷம் ஓட்டினேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சட்டசபையில் எனக்குத் தலைவர் கிடையாது, கைதட்டு என்றால் தட்டுவதற்கும் வெளியே நட என்றால் நடப்பதற்கும் சொல்லுகிற ஆள் கிடையாது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி. பேச மூன்று நிமிஷம், முதல் நிமிஷம் வணக்கத்துக்கே போய்விடும். முதல் பேச்சில் வணக்கத்தையே விட்டேன். எழுந்ததும், "ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு எங்க ஊருப் பொம்பளைங்க இருட்டுல நடந்து வர்றாங்க, பஸ் வேணும்" என்றேன். சபை கொஞ்சம் அசந்துதான் போனது. மணி அடித்தார்கள். மறுபடி எழுந்து அதையே சொன்னேன். அடுத்த கூட்டத்தில், அதற்கடுத்ததில், மானியக் கோரிக்கை எதுவானாலும், மீன்வளமானாலும், என் மூன்று நிமிஷத்தில் பஸ் வந்துவிடும். "அம்மையார் மீனைப் பற்றியும் பேசலாம்" என்று கிண்டல் செய்தார்கள். எங்கள் ஊரில் மீன் ஏது, ஓடையில் சாயத்தண்ணீர்தான் என்றேன். பஸ் வந்தது. முதல் நாள் பஸ்ஸில் ராசாமணியக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்து, கையை மூடி, அப்படியும் இப்படியும் ஒரு இழுப்பு இழுத்தாள். அந்த ஒரு இழுப்புக்கு ஈடாக எனக்கு மந்திரிப் பதவி கொடுத்திருந்தாலும் வேண்டாம் என்றிருப்பேன். உண்மையிலேயே ஒரு தடவை அந்த மாதிரி கேட்டார்கள், ஆட்சி ஆடிக்கொண்டிருந்த நேரம், எங்கள் பக்கம் வா, வாரியத் தலைவர் ஆக்குகிறோம் என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். நான் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு கொள்ளுப் பருப்பு கடைந்தேன். மறுநாள் சபையில் நம்பிக்கை ஓட்டுக்குப் பேரைக் கூப்பிட்டபோது எழுந்து நின்று, நடுநிலை என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. அந்தக் குரலை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டுமா? முன்னாள் எம்.எல்.ஏ. என்று கல்யாணப் பத்திரிகையில் போடுவார்கள். அந்த 'முன்னாள்' என்ற வார்த்தையை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. தோற்பதற்குப் பயமில்லை, என்னை வேண்டாம் என்று சொல்லித் தோற்கடித்தால் தலைகுனிந்து ஏற்றுக்கொள்வேன். வேண்டும் வேண்டும் என்று சொல்லியே தோற்கடித்தால் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பேன்?

"மயிலு." ராசாமணியக்கா மறுபடி திரும்பிவிட்டாள். வாசற்படிக்கு வந்துவிட்டோம், கதிர்வேலு கை நீட்டினால் தொடுகிற தூரம். இந்தத் தடவை முந்தானையும் இல்லை, ரகசியமும் இல்லை. "ஏங்கண்ணு, நம்ம பொட்டி மேலருந்து எத்தனாவது?" என்று கேட்டாள். கதிர்வேலு சுவரில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். அவன் கண்ணில் ஒரு பளபளப்பு. எனக்கு ஒரு நொடியில் என்னென்னவோ ஓடுகிறது. சொல்லிவிடு, ஒரே ஒரு வார்த்தை, புகார் கொடுக்கட்டும், வழக்குப் போடட்டும், வருஷக்கணக்கில் நடக்கும், அதற்குள் எவ்வளவோ பார்த்துக்கொள்ளலாம். இவள் ஒரு ஓட்டு இல்லை, இவளுக்குப் பின்னால் வரிசை முழுக்கக் காது. இங்கே சொன்னால் கேட் வரை போய்ச் சேரும். என் பேர், என் பஸ், என் மூன்று நிமிஷம், எல்லாம் இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. ஆனால் நாளைக்கு இதே கதிர்வேலு, கோட்டுக்குள்ள நின்னு ஓட்டுப் பிச்சை எடுத்தவதான பொட்டியக்கா என்று டீக்கடையில் சொல்வான், அது பொய்யாகவும் இருக்காது. அவன் பொய் சொன்னால் எனக்குப் பதில் உண்டு. உண்மையைச் சொன்னால் என்ன பதில்? "உள்ள ஆபீசருங்க இருக்காங்க அக்கா, எது கேட்டாலும் அவங்கள கேட்டுக்குங்க" என்றேன். பிறகு, "கண்ணாடி எங்க? போட்டுக்கிட்டுப் போங்க, படி தடுக்கும்" என்றேன். கதிர்வேலு அதையும் கேட்டான், யோசித்தான், அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ராசாமணியக்கா இடுப்புச் சுருக்குப்பையைத் தட்டிக் காட்டினாள். "இங்க பத்திரமா இருக்குது. நீ குடுத்தது, தெனமும் போட்டுத் தேச்சுப்போட்டா அப்பறம்? நோம்பி விசேசத்துக்கு மட்டுந்தான் போடறது." "இன்னைக்கு நோம்பி இல்லீங்களாக்கா?" என்றேன். அது கெஞ்சல்தான், எனக்குத் தெரியும். அவள் கலகலவென்று சிரித்தாள். "ஓட்டுப் போடறதுக்கு என்னத்துக்குக் கண்ணாடி? உன்ற பொட்டி எங்க இருந்தாலும் என்ற கைக்குத் தெரியும், போ." சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள், கால் தடுக்கவும் இல்லை.

உள்ளே பீப் என்று நீளமாகச் சத்தம். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கொஞ்ச நாளைக்குக் காதில் இருக்கும். அவள் வெளியே வந்தாள், மை வைத்த விரலை மூக்குத்தி மாதிரி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு. என் முன்னால் வந்து நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி, "போட்டுப்போட்டன் மயிலு, உன்ற பொட்டிக்கு நச்சுனு ஒரு அமுக்கு! லைட்டு எரிஞ்சுது!" என்றாள். ஆபீசர் உள்ளிருந்து, "சத்தம் போடாதீங்கம்மா, போங்க" என்றார். கதிர்வேலு சிரித்தான். முதலில் கையால் வாயை மூடிச் சிரித்தான், அப்புறம் மூடாமல் சிரித்தான். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. ராசாமணியக்கா அவனை, அவன் பல்லை, அப்புறம் என்னைப் பார்த்தாள். "என்ன கண்ணு, நான் செரியாத்தான போட்டன்?" அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தேகம். என்ன சொல்ல? போட்டது போட்டதுதான், திருப்பி எடுக்க முடியாது. நான் இப்போது உண்மையைச் சொன்னால் இன்று முழுவதும், இல்லை, இனி சாகிற வரைக்கும் இவள் அந்த விரலைப் பார்த்துப் பார்த்து அழுவாள். "நீங்க எனக்குப் போட்டீங்க. அதுக்கு மேல என்னக்கா செரி வேணும்?" என்றேன். அவள் முகம் விரிந்தது. என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கதிர்வேலு சிரிப்பை நிறுத்திவிட்டு ஏனோ வேறு பக்கம் பார்த்தான்.

என் முறை. பேரைச் சொன்னேன், அதிகாரி தலையை நிமிர்த்தாமலே எழுதினார், பிறகு நிமிர்ந்து பார்த்து எழப்போனார், உட்காருங்க என்று கை காட்டினேன். விரலில் மை, குளிர்ச்சியாக. அட்டை மறைப்புக்குப் பின்னால் மிஷின். இங்கே ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, காலையிலிருந்து முதல்முறையாகத் தனியாக இருக்கிறேன். கட்சிகள் மேலே, சுயேச்சைகள் கீழே. பெட்டி மேலே இருக்கிறது, கண்ணில் முதலில் அதுதான் படுகிறது, கறுப்பாக, கைப்பிடியோடு, அழகாக. கீழே என் ஜன்னல், நாலு கோடு, கண்ணாடி போடாதவர்களுக்கு அது எதுவாகவும் இருக்கலாம். என் விரல் என்னைக் கேட்காமல் பெட்டிக்குப் போயிற்று. சத்தியமாகப் போயிற்று. பொத்தானுக்கு நூலிழை மேலே நின்றது. அப்போதுதான் புரிந்தது, ராசாமணியக்கா ஒரு தப்பும் பண்ணவில்லை. நானே என்னைத் தேடினால் இங்கேதான் வருகிறேன். பெட்டிக்குப் பக்கத்தில் அந்த அப்பாவியின் போட்டோ, இந்த வீதியில் விழுந்த ஒரு ஓட்டுகூட அவர் முகத்துக்கு விழவில்லை, அத்தனையும் என் முகத்துக்கு. எண்ணுகிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் எண்ணட்டும். இவ்வளவு பேர் என்னை இவ்வளவு கெட்டியாக மனசில் வைத்திருக்கிறார்கள், மறக்கச் சொன்னாலும் மறக்க மாட்டேன் என்கிறார்கள், இது எந்தக் கட்சித் தலைவருக்கு வாய்க்கும்? எனக்குக் கண் கலங்கியது, நெஞ்சு விம்மியது, இரண்டும் சேர்ந்தே வந்தது. விரலைக் கீழே இறக்கி ஜன்னலை அழுத்தினேன். பீப். கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு வந்து நின்றது, மயிலாத்தாள், ஜன்னல். விழுந்துவிட்டது.

வெளியே வந்தால் வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. கம்பெனி ஷிப்ட் விட்டிருக்கிறார்கள், எங்கள் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள், கேட் வரைக்கும் பெண்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி கையை மூடி, அப்படியும் இப்படியும் ஒரு இழுப்பு இழுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அப்புறம் வரிசை மொத்தமும், வாயால் ஒரு சத்தம் இல்லாமல், கை மட்டும், காற்றில் சட்டை தேய்க்கிறது. போலீஸ்காரர் இது என்ன குற்றத்தில் சேரும் என்று தெரியாமல் விழிக்கிறார். நான் கை கூப்பினேன். கூப்பியதும்தான் உறைத்தது, இது பாதி ஜன்னல். இதை அப்படியே விரித்தால் போதும், ஒரு வார்த்தை பேசவேண்டாம், வரிசை முழுக்கப் புரிந்துகொள்ளும், இன்னும் உள்ளே போகாதவர்கள்தானே இவ்வளவு பேரும். படியில் கதிர்வேலு என் கையையே பார்க்கிறான், கண் இமைக்கவில்லை. உள்ளங்கை இரண்டும் வியர்த்து வழுக்குகிறது, தானாகப் பிரிந்துவிடும் போலிருக்கிறது. நான் விரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டேன். கூப்பிய கையோடு அவர்கள் ஒவ்வொருத்தியின் கண்ணையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். பந்தல் கடந்து, கொடிக்கம்பம் கடந்து, கேட்டைக் கடந்து. ஒருத்தி, "பொட்டியக்கா எப்படி கும்பிட்டுட்டே போவுது பாரு, ராணியாட்டம்" என்றாள். தலையை நிமிர்த்திக்கொண்டேன். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் கையைப் பிரித்தேன், விரித்தேன், அகலமாக விரித்தேன். முன்னால் டீக்கடை பெஞ்சும், ஸ்கூட்டரில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரரும் மட்டும்தான்.

"என்ன மயிலா, உள்ள எப்படி இருக்குது?" என்று கேட்டார். சாவியைத் திருப்பாமல் என் முகத்தையே பார்த்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

"நம்ம வீதி பூராவும் எனக்குத்தானுங்க போட்டிருக்குது" என்றேன்.